பாதியில் நின்ற நிறுவல்: ஒரு பேக்கேஜ் மேனேஜரைப் பராமரித்த அனுபவம்

கட்டளை வரியில் இயங்கும் ஒரு பேக்கேஜ் மேனேஜரை, அதாவது கணினியில் பிற நிரல்களை நிறுவி, மேம்படுத்தி, நீக்கும் நிரலைப் பராமரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, அந்த வேலையின் கடினமான பகுதி சார்புகளைக் கணக்கிடுவதுதான் என்று நம்பியிருந்தேன். எந்த நிரலுக்கு எந்த நூலகம் வேண்டும், எந்தப் பதிப்பு எதனோடு ஒத்துப்போகாது என்று கண்டறிந்து, வேண்டியவற்றைக் களஞ்சியத்திலிருந்து இறக்கி, உரிய இடத்தில் வைத்துவிட்டால் கடமை முடிந்தது என்பதே என் எண்ணம். இரண்டாம் மாதத்தில் வந்த ஒரு புகார் அந்த எண்ணத்தை மாற்றியது. ஒரு பயனர் தம் கணினி முழுவதையும் மேம்படுத்திக்கொண்டிருந்தபோது மின்சாரம் நின்றுவிட்டது. மின்சாரம் வந்தபின் கணினி இயங்கத் தொடங்கியது. ஆனால் அதில் ஒரு பேக்கேஜ்கூட நிறுவப்படவில்லை என்று எங்கள் நிரல் கூறியது. நிறுவப்பட்டவற்றின் பட்டியலை வைத்திருக்கும் கோப்பு அதன் இடத்திலேயே இருந்தது. அதன் அளவு 0 பைட்.

அந்தப் பட்டியலைக் கவனமாகவே எழுதுகிறோம் என்று நாங்கள் நினைத்திருந்தோம். புதிய பட்டியலை முதலில் ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதி, முடித்தபின் அதற்குப் பழைய கோப்பின் பெயரைச் சூட்டும் வழக்கமான முறையே எங்கள் நிரலிலும் இருந்தது. பெயர்மாற்றம் நடந்தால் முழுதாக நடக்கும், இல்லையேல் நடக்கவே நடக்காது என்று, யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பொதுத் தரமான போசிக்ஸின் விதிகள் உறுதி அளிக்கின்றன. ஆகவே அந்தக் கோப்பைத் திறக்கும் எந்த நிரலுக்கும் பழைய பட்டியலோ புதிய பட்டியலோ கிடைக்குமே தவிர, பாதி எழுதிய பட்டியல் ஒருபோதும் கிடைக்காது. இந்த உறுதி இயங்கிக்கொண்டிருக்கும் கணினிக்கு மட்டுமே உரியது, மின்சாரம் போன கணினிக்கு உரியதன்று என்பதை நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை. பல கோப்பு முறைமைகள், எழுதப்பட்ட உள்ளடக்கத்தை வட்டில் எங்கே வைப்பது என்ற முடிவைச் சில வினாடிகள் தள்ளிப்போடுகின்றன. அந்த இடைவெளியில் பெயர்மாற்றம் மட்டும் வட்டுக்குப் போய்ச் சேர்ந்து, உள்ளடக்கம் நினைவகத்திலேயே தங்கிவிட்டால், சரியான பெயரோடு வெற்றுக் கோப்பு ஒன்றுதான் எஞ்சும். 2009-ஆம் ஆண்டு வாக்கில் லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை பரவத் தொடங்கியபோது இதே காரணத்தால் பலருடைய அமைப்புக் கோப்புகள் வெறுமையாயின. பிறகு அந்தக் கோப்பு முறைமையிலேயே இதற்கென ஒரு பாதுகாப்பைச் சேர்த்தார்கள். எல்லாக் கோப்பு முறைமைகளும் அந்தப் பாதுகாப்பைத் தருவதில்லை.

திருத்தம் சில வரிகள்தான். தற்காலிகக் கோப்பில் எழுத வேண்டும். எஃப்சிங்க் அழைப்பின் மூலம் அதன் உள்ளடக்கம் வட்டை அடைந்ததை உறுதிசெய்ய வேண்டும். அதன்பின் பெயரை மாற்ற வேண்டும். இறுதியாக, அந்தக் கோப்பு இருக்கும் கோப்புறைக்கும் எஃப்சிங்க் செய்ய வேண்டும். கடைசிப் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பெயர்மாற்றம் என்பது கோப்புறையில் நிகழும் மாற்றம் என்பதால், கோப்புறை வட்டை அடையாதவரை அந்த மாற்றமும் அடைந்ததாகக் கொள்ள முடியாது.

பட்டியலைக் காப்பாற்றிய மகிழ்ச்சியில், நிறுவப்படும் ஒவ்வொரு கோப்புக்கும் இதே முறையைப் பயன்படுத்தினோம். அடுத்த வாரமே வேகம் குறைந்ததாகப் புகார்கள் குவிந்தன, அவை நியாயமானவையும்கூட. ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் கொண்ட ஒரு பேக்கேஜில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே வட்டுக்காகக் காத்திருந்தால், சுழலும் வட்டுள்ள கணினியில் நிமிடக்கணக்கில் ஆகிறது. டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் பேக்கேஜ் மேனேஜரான டிபிகேஜி இந்தப் பாதையை முன்பே கடந்திருக்கிறது என்று அதன் மூல நிரலைப் படித்தபோதுதான் தெரிந்துகொண்டேன். அது பேக்கேஜின் கோப்புகளையெல்லாம் தற்காலிகப் பெயர்களில் எழுதி முடித்துவிட்டு, பிறகு எல்லாவற்றுக்கும் சேர்த்து எஃப்சிங்க் செய்து, அதன்பின்னரே பெயர்களை மாற்றுகிறது. எழுதும் பணியில் பெரும்பகுதியை அதற்குள் இயங்குதளத்தின் மையமான கர்னல் பின்னணியில் முடித்திருக்கும் என்பதால் காத்திருக்கும் நேரம் வெகுவாகக் குறைகிறது. உருவாக்கிச் சில நிமிடங்களில் எறிந்துவிடும் கன்டெய்னர் போன்ற சூழல்களுக்காக இந்தப் பாதுகாப்பை நிறுத்தும் தெரிவும் அதில் உண்டு. அந்தத் தெரிவின் பெயரிலேயே 'பாதுகாப்பற்ற' என்ற சொல்லை வைத்திருக்கிறார்கள். இரண்டையும் அப்படியே பின்பற்றினோம். ஒரு பேக்கேஜ் மேனேஜரில் புதிதாக எதையேனும் கண்டுபிடிக்க முனைவதற்கு முன், 1990-களிலிருந்து இயங்கிவரும் டிபிகேஜி, ஆர்பிஎம் ஆகிய இரண்டும் அதே இடத்தில் என்ன செய்கின்றன என்று பார்ப்பதை அன்றிலிருந்து வழக்கமாக்கிக்கொண்டேன். அவற்றில் விந்தையாகத் தோன்றும் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் பெரும்பாலும் யாரோ ஒருவருடைய கெட்டுப்போன கணினி இருக்கிறது.

வட்டில் சரியாக எழுதுவது பாதி வேலைதான். நிறுவல் நடுவில் நின்றால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது நிரலுக்கும் பயனருக்கும் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் பட்டியலில் ஒரு பேக்கேஜுக்கு இரண்டே நிலைகள் இருந்தன: இருக்கிறது, இல்லை. உண்மையில் அதற்கிடையே பல நிலைகள் உண்டு. கோப்புகள் பிரிக்கப்பட்டும், அவற்றை இயங்கத் தயார்செய்யும் சிறு நிரலான அமைவு ஸ்கிரிப்ட் இன்னும் ஓடாமல் இருக்கலாம். ஸ்கிரிப்ட் தொடங்கிப் பாதியில் தோற்றிருக்கலாம். நீக்கம் தொடங்கி, சில கோப்புகள் மட்டும் போயிருக்கலாம். டிபிகேஜி இந்த இடைநிலைகளுக்குத் தனித்தனிப் பெயரிட்டு, ஒவ்வொரு அடியை எடுத்துவைக்கும் முன்பும் அதைக் குறித்துக்கொள்கிறது. ஆகவேதான் மின்சாரம் போய் வந்த பிறகும் ஒரே கட்டளையில், விட்ட இடத்திலிருந்து தொடர அதனால் முடிகிறது. நாங்களும் ஐந்து நிலைகளைச் சேர்த்தோம். செய்து முடித்ததைக் குறிப்பதற்கும், செய்யப்போவதைக் குறித்துவிட்டுச் செய்வதற்கும் உள்ள வேறுபாடு பெரியது. முதல் முறையில் பதிவேடு உண்மையைவிடப் பின்தங்கிப் போகும், நடுவில் நின்ற வேலை அதில் தெரியவே தெரியாது. இரண்டாம் முறையில் பதிவேடு சற்று முன்னே இருக்கும். மோசமான நிலையில், முடிந்துபோன ஒரு வேலையை மீண்டும் ஒருமுறை செய்ய நேரிடும், அவ்வளவுதான்.

அந்த 'மீண்டும் ஒருமுறை' என்பதால் இன்னொரு கடமை வருகிறது. அமைவு ஸ்கிரிப்டை எத்தனை முறை ஓட்டினாலும் ஒருமுறை ஓட்டியதன் விளைவே கிடைக்க வேண்டும். ஒரு சேவைக்கான பயனர் கணக்கை உருவாக்கும் ஸ்கிரிப்ட் ஒன்று எங்கள் களஞ்சியத்தில் இருந்தது. முதல் ஓட்டத்தில் கணக்கை உருவாக்கிவிட்டு அடுத்த வரியில் அது தோற்றது. இரண்டாம் ஓட்டத்தில் 'கணக்கு ஏற்கெனவே உள்ளது' என்று முதல் வரியிலேயே தோற்றது. அதன்பின் எத்தனை முறை முயன்றாலும் அந்தப் பேக்கேஜை முடிக்கவும் முடியவில்லை, நீக்கவும் முடியவில்லை. டெபியனின் கொள்கை ஆவணம் இத்தகைய ஸ்கிரிப்டுகளை மீண்டும் ஓட்டத்தக்கவையாக எழுத வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதன் காரணம் எனக்கு அப்போது விளங்கியது. இப்போது களஞ்சியத்துக்கு வரும் ஒவ்வொரு ஸ்கிரிப்டையும் சோதனைக் கணினியில் தொடர்ந்து இரண்டு முறை ஓட்டிப் பார்க்கிறோம். இந்தச் சோதனையை எழுத ஒரு மாலைப்பொழுது போதுமாக இருந்தது. எங்கள் சோதனைகளில் மிக அதிகப் பிழைகளைப் பிடித்ததும் இதுதான்.

பூட்டுக் கோப்பைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு நிறுவல்கள் ஒரே நேரத்தில் ஓடாமல் தடுக்க, இயங்கும் செயல்முறையின் எண்ணை ஒரு கோப்பில் எழுதிவைத்தோம். நிரல் எதிர்பாராமல் நின்றால் அந்தக் கோப்பு அப்படியே கிடக்கும். அடுத்த முறை 'வேறொரு நிறுவல் நடைபெறுகிறது' என்ற பொய்யான செய்தி வரும். பயனர்கள் அந்தக் கோப்பை அழித்துவிட்டுத் தொடரக் கற்றுக்கொண்டார்கள். அப்படிக் கற்றுக்கொண்டவர்கள் உண்மையாகவே இன்னொரு நிறுவல் ஓடிக்கொண்டிருந்தபோதும் அதையே செய்தார்கள். அது அவர்களுடைய குற்றமன்று. பலமுறை பொய் சொன்ன ஒரு செய்தியை யாரும் நம்ப மாட்டார்கள். இப்போது பூட்டைக் கர்னலிடமே கேட்டுப் பெறுகிறோம். செயல்முறை எப்படி இறந்தாலும் கர்னல் அந்தப் பூட்டைத் தானே விடுவித்துவிடுகிறது. பூட்டை வைத்திருப்பது எந்த நிரல் என்பதையும் செய்தியில் காட்டுகிறோம். கோப்பை அழிப்பது பற்றிய கேள்விகள் அதன்பின் வரவே இல்லை.

இனி, நான் கடினமானது என்று தொடக்கத்தில் நம்பிய சார்புக் கணக்குக்கு வருகிறேன். அது கடினம்தான், ஐயமில்லை. ஒவ்வொரு பதிப்பும் மற்றவற்றின் குறிப்பிட்ட பதிப்புகளைக் கேட்கலாம், ஒரு பேக்கேஜின் இரண்டு பதிப்புகள் ஒரே நேரத்தில் இருக்க முடியாது என்ற இரண்டு விதிகளே போதும். எல்லாவற்றையும் நிறைவேற்றும் தேர்வைக் கண்டறிவது, எப்போதும் விரைவாகத் தீர்க்கும் வழி எதுவும் அறியப்படாத என்பி கம்ப்ளீட் வகைச் சிக்கலாகிவிடுகிறது. 2008-இல் வெளிவந்த ஓப்பன்சூசே 11.0 என்ற லினக்ஸ் இயங்குதளம் இதற்கு, ஆம்-இல்லை விதிகள் அனைத்தையும் நிறைவேற்றும் தேர்வைத் தேடும் சாட் சால்வரைக் கையாளத் தொடங்கியது. பைத்தான் மொழியின் பேக்கேஜ் மேனேஜரான பிப் 2020-இல்தான் முறையான தீர்வுமுறைக்கு மாறியது. எங்களிடம் இருந்ததோ முயன்று பார்த்து, முட்டினால் பின்வாங்கும் எளிய முறை. அதை மாற்றி எழுத ஆறு மாதம் ஆயிற்று. வேகத்துக்காகவே அதைத் தொடங்கினேன். முடித்தபோது வேகம் ஓரளவு கூடியிருந்தது, ஆனால் நான் எதிர்பாராத வேறொரு பயன் அதைவிடப் பெரிதாக வந்து சேர்ந்தது.

பழைய முறை தோற்றால் 'சார்புகளை நிறைவேற்ற இயலவில்லை' என்று மட்டும் கூறும். அதற்குமேல் கூற அதற்கு எதுவும் தெரியாது. எல்லா வழிகளையும் முயன்று களைத்த நிரலிடம் கடைசியாக முட்டிய சுவரைப் பற்றிய செய்தி மட்டுமே இருக்கும், அந்தச் சுவரோ பெரும்பாலும் உண்மைக் காரணத்துக்குத் தொடர்பில்லாததாக இருக்கும். மோதல்களிலிருந்து கற்றுக்கொண்டு முன்னேறும் புதிய முறைகளில், ஒவ்வொரு மோதலுக்கும் எந்தெந்த விதிகள் காரணம் என்ற பதிவு இயல்பாகவே சேர்ந்துவிடுகிறது. டார்ட் மொழியின் பேக்கேஜ் மேனேஜருக்காக உருவாகி 2018-இல் அறிமுகமான பப்கிரப் முறை, இந்தப் பதிவை மனிதர் படிக்கும் விளக்கமாக மாற்றுவதையே தன் நோக்கங்களில் ஒன்றாகக் கொண்டது. நான் அந்த வழியைப் பின்பற்றினேன். இப்போது எங்கள் செய்தி இப்படி வருகிறது: அச்சு வடிவமைப்பு நிரலின் 4-ஆம் பதிப்புக்குப் பட நூலகம் 2 வேண்டும், நீங்கள் நிறுவியிருக்கும் படத்தொகுப்பு நிரல் 1.8, பட நூலகம் 2-ஐ ஏற்காது. படத்தொகுப்பு நிரல் 1.9 ஏற்கும், ஆனால் அதை 1.8-இலேயே நிறுத்திவைக்குமாறு அமைப்புக் கோப்பில் குறிக்கப்பட்டுள்ளது.

இந்த எடுத்துக்காட்டு உண்மையான ஒரு புகாரின் வடிவத்தைக் கொண்டது. அந்தப் பயனர் எப்போதோ ஒரு பிழையைத் தவிர்ப்பதற்காகப் பழைய பதிப்பை நிறுத்திவைத்துவிட்டு மறந்துவிட்டார். பழைய செய்தியோடு அவர் மூன்று நாள் போராடினார். புதிய செய்தியைப் பார்த்த உடனே அந்த வரியை நீக்கிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். பிழைச்செய்தி எழுதுவதைக் கடைசி நாள் வேலையாக நினைத்திருந்த நான், அதன்பின் எந்த மாற்றத்தையும் 'இது தோற்றால் பயனர் என்ன படிப்பார்?' என்ற கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். செய்தியில் மூன்று விவரங்கள் இருக்க வேண்டும் என்பது எனது அளவுகோல்: எது நடக்கவில்லை, ஏன் நடக்கவில்லை, கணினி இப்போது எந்த நிலையில் இருக்கிறது. மூன்றாவதைத்தான் பலரும் மறக்கிறார்கள். 'எந்த மாற்றமும் செய்யப்படவில்லை' என்ற ஒரு வரி, அச்சத்தோடு திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு எவ்வளவு ஆறுதல் தரும் என்பதை வந்த கடிதங்களிலிருந்து அறிந்திருக்கிறேன்.

புதிய முறை இரண்டு தொல்லைகளையும் கொண்டுவந்தது. கணக்கின்படி சரியான விடை, மனிதருக்குச் சரியான விடையாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரு சிறு நிரலை நிறுவக் கேட்டவரிடம், அதற்காக நாற்பது பேக்கேஜ்களை நீக்கலாம் என்று எங்கள் தீர்வுமுறை முன்மொழிந்தது; எல்லா விதிகளும் அதில் நிறைவேறியிருந்தன. ஆகவே, இருப்பதை இயன்றவரை தொடாத விடைக்கே முன்னுரிமை தருமாறு மாற்றினோம். பயனர் நீக்கச் சொல்லாத ஒன்றை நீக்க வேண்டிவந்தால், அந்தப் பெயர்களைப் பட்டியலின் நடுவில் புதைக்காமல் கேள்விக்கு நேர் மேலே தனியாகக் காட்டுகிறோம். டெபியனில் சார்புகளைக் கணக்கிட்டு நிறுவும் கருவியான ஆப்ட், கணினிக்கு இன்றியமையாத பேக்கேஜ்களை நீக்கும்முன் 'ஆம், நான் சொல்வதைச் செய்' என்ற பொருளுடைய முழு வாக்கியத்தைத் தட்டச்சு செய்யக் கேட்டுவந்தது. அந்தத் தடையையும் மீறி மேசைத்தளம் முழுவதையும் இழந்தவர்கள் உண்டு. ஏனெனில், ஆம் என்று சொல்லிப் பழகிய விரல் வாக்கியத்தையும் தட்டச்சு செய்துவிடும். அதனால் எங்கள் நிரலில் அத்தகைய நீக்கத்தைக் கேள்வியாகவே வைக்கவில்லை. அது வேண்டுமென்றால் வேறொரு தெரிவோடு கட்டளையைப் புதிதாக எழுத வேண்டும்.

இரண்டாவது தொல்லை, ஒரே கட்டளைக்கு இரண்டு கணினிகளில் இரண்டு விடைகள் வந்தது. களஞ்சியம் ஒன்று, நிறுவப்பட்டவை ஒன்று, ஆனால் விடை வேறு. ஹேஷ் அட்டவணையில் உள்ளவற்றை வரிசையாக எடுக்கும் இடத்தில், அந்த வரிசை ஓட்டத்துக்கு ஓட்டம் மாறியதே காரணம். எடுக்கும் முன் பெயர்வாரியாக அடுக்கும் ஒரே வரியில் அது தீர்ந்தது. கண்டுபிடிக்க ஒன்பது நாள் ஆனது.

பெயர்வாரியாக அடுக்குவது என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். அதிலும் ஒரு பாடம் உண்டு. துருக்கிய மொழி அமைப்புள்ள கணினிகளில் சில பேக்கேஜ்கள் கிடைக்கவில்லை என்று புகார் வந்தது. துருக்கிய மொழியில் பெரிய எழுத்து 'I'-ஐச் சிறிய எழுத்தாக்கினால் புள்ளியுள்ள 'i' வராது, புள்ளியில்லாத வேறோர் எழுத்து வரும். நாங்கள் பேக்கேஜ் பெயர்களைச் சிறிய எழுத்துக்கு மாற்றித் தேடியதால், அந்த எழுத்துள்ள பெயர்கள் எல்லாம் அங்கே காணாமல் போயின. மனிதர் படிப்பதற்கான செய்திகளில் மட்டுமே பயனரின் மொழி அமைப்பு தலையிட வேண்டும். பெயர், பதிப்பு எண், தேதி போன்று நிரல்கள் தமக்குள் பரிமாறிக்கொள்பவற்றை எந்த மொழி அமைப்புக்கும் கட்டுப்படாத விதிகளால் கையாள வேண்டும். பதிப்பு எண்களும் அத்தகையவையே. 1.10 என்பது 1.9-க்குப் பின் வருவது என்று எழுத்துவாரி ஒப்பீட்டுக்குத் தெரியாது. முன்வெளியீடு இறுதி வெளியீட்டுக்கு முந்தையது என்பதும் அதற்குத் தெரியாது. டெபியனில் இதற்காகவே அலைக்குறியை (~) எல்லாவற்றுக்கும் முன்னதாக, ஒன்றும் இல்லாததற்கும் முன்னதாக, வரிசைப்படுத்துகிறார்கள். ஒப்பீட்டு விதியை ஒருமுறை வெளியிட்டபின் மாற்ற முடியாது என்பதால், புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் வாரத்திலேயே இதற்கு நேரம் ஒதுக்குவது நல்லது.

வெளியிட்டபின் மாற்ற முடியாதவற்றின் பட்டியல் நான் நினைத்ததைவிட நீளமானது. நிறுவப்பட்டவற்றைக் காட்டும் கட்டளையில் நெடுவரிசைகள் கோணலாக இருந்தன. அவற்றை ஒழுங்காக அடுக்கி, தலைப்பு வரி ஒன்றையும் சேர்த்தேன். பார்க்க அழகாக இருந்தது. வெளியான மறுநாள், அந்தக் கட்டளையின் வெளியீட்டை வரிவரியாகப் படிக்கும் ஸ்கிரிப்டுகள் பல இடங்களில் உடைந்தன; அவற்றில் ஒன்று தலைப்பு வரியின் முதல் சொல்லைப் பேக்கேஜின் பெயராகக் கருதி அதை நிறுவ முயன்றது. டெபியனில் ஆப்ட்-கெட் என்ற பழைய கட்டளையின் வெளியீட்டை ஸ்கிரிப்டுகளுக்காக நிலையாக வைத்துக்கொண்டு, மனிதர்களுக்காக ஆப்ட் என்ற புதிய கட்டளையை 2014-இல் 1.0 பதிப்பில் கொண்டுவந்தார்கள். வெளியீடு டெர்மினலுக்குப் போகாவிட்டால் 'இதன் வடிவம் நிலையானதன்று' என்று ஆப்ட் எச்சரிக்கவும் செய்கிறது. நாங்கள் ஒரே கட்டளைக்குள், நிரல்கள் படிப்பதற்கென்று ஜேசான் வடிவம் ஒன்றைச் சேர்த்து, அதற்குப் பதிப்பு எண்ணும் கொடுத்தோம். பழைய கோணல் வடிவத்தை ஓராண்டு காலம் டெர்மினல் அல்லாத இடங்களில் அப்படியே விட்டுவைத்தோம். எச்சரிக்கைகளைப் பிழை வெளியீட்டுக்கு அனுப்புவது, வெற்றி தோல்விக்கு ஏற்ற வெளியேற்ற எண்ணைத் தருவது, டெர்மினல் இல்லாத இடத்தில் வண்ணக் குறிகளை எழுதாமல் இருப்பது ஆகியவை சிறியவை, ஆனால் பிறருடைய வேலை இவற்றின்மேல் நிற்கிறது.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, டிஜிட்டல் கையொப்பம் சரிபார்த்தால் போதும் என்பதுதான் நான் கைவிட வேண்டியிருந்த நம்பிக்கை. களஞ்சியத்தின் பட்டியலில் செல்லுபடியாகும் கையொப்பம் இருக்கலாம். ஆனால் அது ஆறு மாதத்துக்கு முந்தைய பட்டியலாக இருக்கலாம். இடையில் இருக்கும் ஒருவர் பழைய பட்டியலையே திரும்பத் திரும்பக் கொடுத்து, பாதுகாப்புத் திருத்தங்கள் உங்களை எட்டாமல் தடுக்க முடியும் என்பதைப் பேக்கேஜ் மேனேஜர்கள் மீதான தாக்குதல்களைப் பற்றிய 2008-ஆம் ஆண்டின் ஆய்வு ஒன்று விரிவாகக் காட்டியது. அதனால்தான் பட்டியலுக்குக் காலாவதித் தேதியும் வேண்டும். நாங்கள் அதைச் சேர்த்ததும், கடிகார மின்கலம் இல்லாத சிறு பலகைக் கணினிகள் எல்லாம் நிறுவ மறுத்தன. மின்சாரம் போய் வந்தால் அவற்றின் தேதி 1970-க்குப் போய்விடும், எந்தக் கையொப்பமும் எதிர்காலத்தில் இடப்பட்டதாகத் தெரியும். சரிபார்ப்பைத் தளர்த்துமாறு பலர் கேட்டார்கள். தளர்த்தவில்லை, கடிகாரம் தவறாக இருப்பதை நிரல் கண்டுகொண்டு அதையே பிழைச்செய்தியில் கூறுமாறு செய்தோம். 2019 ஜனவரியில் வெளியான ஆப்ட் பாதுகாப்புக் குறைபாடும் எனக்கு ஒரு பாடமாக இருந்தது. கோப்புகளை இறக்கும் துணை நிரல், தன் தாய் நிரலுக்கு அனுப்பும் செய்தியில், சர்வர் தந்த முகவரியை அப்படியே எழுதியது. அந்த முகவரிக்குள் வரி முறிவைப் புகுத்தியவரால், இறக்கிய கோப்பு சரியானதுதானா என்று ஒப்பிட உதவும் சரிபார்ப்புத் தொகையையே போலியாகத் தர முடிந்தது. கையொப்ப முறையில் குறை எதுவும் இருக்கவில்லை. குறை, நிரலின் இரண்டு பகுதிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் இடத்தில் இருந்தது. அதைப் படித்த அன்றே எங்கள் நிரலில் அத்தகைய இடங்களைத் தேடினேன், இரண்டு கிடைத்தன.

வேகத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அளக்காமல் எதையும் மாற்றக் கூடாது. உதவிக் குறிப்பை மட்டும் காட்டும் கட்டளைகூட நிறுவப்பட்டவற்றின் பட்டியல் முழுவதையும் திறந்து படித்துக்கொண்டிருந்ததை, ஒரு நிரல் கர்னலிடம் கேட்பவற்றையெல்லாம் காட்டும் எஸ்ட்ரேஸ் கருவியால் பார்க்கும்வரை எங்களில் யாரும் அறியவில்லை. தேவைப்படும்போது மட்டும் படிக்குமாறு மாற்றியதில், தீர்வுமுறையை மாற்றிய ஆறு மாத உழைப்பைவிட அதிக வேகம் ஒரே நாளில் கிடைத்தது.

மனிதர்களைப் பற்றிய பகுதிதான் எனக்கு மிகக் கடினமாக இருந்தது. பல ஆண்டுகள் நான் ஒருவனே வெளியீடுகளைச் செய்துவந்தேன். கையொப்பமிடும் சாவி என்னிடம் மட்டுமே இருந்தது, வெளியீட்டின் படிகள் என் நினைவில் மட்டுமே இருந்தன. 2024 மார்ச் 29 அன்று எக்ஸ்செட் சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில், பிறர் கணினிக்குள் ரகசியமாக நுழைய வழிசெய்யும் பின்கதவு இருப்பது வெளிப்பட்டது. தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியான நுழைவு ஏறக்குறைய அரை வினாடி தாமதமாவதைக் கவனித்து ஆராய்ந்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளரால் அது பெரிய அளவில் பரவும் முன்பே பிடிபட்டது. அந்த நிகழ்வில் தொழில்நுட்பத்தைவிட என்னைக் கலங்கவைத்தது வேறொன்று. களைத்துப்போயிருந்த ஒரு தனிப் பராமரிப்பாளரைப் பலர் நெருக்கி, புதியவர் ஒருவருக்குப் பொறுப்பைக் கொடுக்கச் செய்த கடிதங்களைப் படித்தபோது, அதே தொனியில் எனக்கு வந்திருந்த கடிதங்களும் அவற்றுக்கு நான் அளித்த களைப்பான பதில்களும் நினைவுக்கு வந்தன. பின்கதவை இயக்கிவைக்கும் வரிகள் பொதுவில் இருந்த மூலக் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக்கென்று கட்டிய தொகுப்பில் மட்டுமே இருந்தன. அதனால் எங்கள் வெளியீட்டுத் தொகுப்பைக் களஞ்சியத்தில் அந்த வெளியீட்டுக்கென்று குறித்த அதே மூல நிரலிலிருந்து வேறொரு கணினி தனியே கட்டி, இரண்டும் பைட் அளவில் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்கும் முறையை ஏற்படுத்தினோம். கோப்புகளின் நேரக்குறிகள் ஒவ்வொரு முறையும் மாறியதால் தொடக்கத்தில் அவை ஒத்துவரவே இல்லை. எல்லா நேரக்குறிகளையும் கடைசி மாற்றத்தின் நேரத்துக்கு நிலைப்படுத்தியபின் ஒத்துவந்தன.

பொறுப்பைப் பகிர்ந்துகொள்ள முன்வந்தவர், மூன்று ஆண்டுகளாக எங்கள் நிரலுக்குத் திருத்தங்கள் அனுப்பிவந்த ஒரு பெண் பொறியாளர். அவரிடம் சாவியைக் கொடுப்பதற்கு முன், வெளியீட்டு நடைமுறையை எழுதிக்கொடுத்தேன், பதினான்கு படிகள். அவர் ஒரு சோதனை வெளியீட்டை அந்த ஆவணத்தை மட்டும் பார்த்துச் செய்ய வேண்டும், என்னிடம் எதையும் கேட்கக் கூடாது என்று முடிவுசெய்துகொண்டோம். ஆறாவது படியில் அவர் நின்றுவிட்டார். என் கைகள் யோசிக்காமலே செய்துவந்த ஒரு வேலையை நான் எழுதவே இல்லை. இரண்டாம் முயற்சியில் பதினொன்றாம் படியில் நின்றார். எங்கள் நிரலைப் போலவே அந்த ஆவணமும், நடுவில் நின்றால் எந்த நிலையில் இருக்கிறோம், எங்கிருந்து தொடர வேண்டும் என்பதைக் கூற வேண்டும் என்று அவர்தான் சொன்னார். ஒவ்வொரு படிக்கும் கீழே 'இங்கே நின்றால்' என்று ஒரு வரியை அவரே சேர்த்தார்.

இப்போது ஒவ்வோர் இரவும் ஒரு மெய்நிகர் கணினியில் மேம்படுத்தலைத் தொடங்கி, நாங்கள் முன்கூட்டி அறியாத ஒரு நொடியில் அதன் மின்சாரத்தைத் துண்டிப்பதுபோல் நிறுத்தி, மீண்டும் இயக்கி, ஒரே கட்டளையில் அது மீள்கிறதா என்று சோதிக்கிறோம். சென்ற மாதம் அது ஒரு பிழையைப் பிடித்தது: பேக்கேஜின் கடைசிக் கோப்பை நீக்கியபின், வெறுமையான கோப்புறையை நீக்கும் முன் நின்றால், அந்தப் பேக்கேஜ் என்றென்றும் 'நீக்கப்படுகிறது' என்ற நிலையிலேயே இருந்தது. திருத்தத்தை எழுதியதும் வெளியிட்டதும் அவர்தான். அந்த வாரம் நான் விடுப்பில் இருந்தேன். என் கணினியில் வழக்கமான மேம்படுத்தல் கட்டளையை ஓட்டியபோது, பட்டியலின் முதல் வரியில் எங்கள் நிரலின் புதிய பதிப்பு எண்ணைப் பார்த்துத்தான் வெளியீடு முடிந்ததை அறிந்தேன்.